14 செக்மென்ட் எழுத்து டிஸ்பிளே: எரியாதது முதல் எழுத்து பிசகுவது வரை

எல்இடியை மினுக்கி, சென்சாரைப் படித்து முடித்ததும் ஆர்டுயினோ கற்கிறவர்களுக்கு வரும் அடுத்த ஆசை, நாலு எழுத்தில் ஏதாவது சொல்ல வைக்க வேண்டும் என்பது. 7 செக்மென்ட் டிஸ்பிளேயில் எண்கள் அழகாக வரும். ஆங்கில எம், கே, டபிள்யூ எல்லாம் வராது. 14 செக்மென்டில் நடுக்கோடு இரண்டாகப் பிரிந்திருக்கும், அதன் மேலும் கீழும் நான்கு சாய்கோடுகளும் இரண்டு செங்குத்துக் கோடுகளும் கூடுதலாக இருக்கும். அதனால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாமே காட்டலாம்.

இந்தக் குறிப்பு ஹோல்டெக் நிறுவனத்தின் எச்டி16கே33 சிப் பொருத்திய நான்கு எழுத்து மாட்யூலை ஆர்டுயினோ ஊனோவில் இணைத்து, ஏதோ ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு. சிப் இல்லாமல் 595 ஷிஃப்ட் ரிஜிஸ்டர் (வரிசையாக வரும் பிட்களை எட்டுக் கால்களில் பிரித்துக் கொடுக்கும் சிப்) வைத்து நேரடியாக ஓட்டுபவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

தேடத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இதில் பிழை ஒளிய மூன்றே இடங்கள்தான்: மின்சாரம், ஐ2சி (இரண்டே வயரில் சிப்கள் பேசிக்கொள்ளும் முறை) வயர், நீங்கள் அனுப்பும் பிட்கள் (எந்தக் கோடு எரிய வேண்டும் என்று சொல்லும் 0, 1). தவறான எழுத்து தெரிகிறது என்றால் முதல் இரண்டும் பெரும்பாலும் சரி, பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். எதுவுமே எரியாததுதான் கடினம், அதில் மூன்றையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அதனால் வயரையும் லைப்ரரியையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

எதுவுமே எரியவில்லை

மல்டிமீட்டரை எடுங்கள். ஊனோவின் 5 வோல்ட் பின்னில் அளக்காதீர்கள்; மாட்யூலின் சொந்தப் பின்களில், விசிசிக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். நீள பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்தில் ஓடும் பவர் வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். பார்வைக்குச் சிவப்புக் கோடு முழுசாகப் போவது போல இருக்கும், மறுபாதியில் மின்சாரம் இருக்காது.

மாட்யூலில் ஐந்து பின் இருந்தால் ஐந்தாவது ஐ2சிக்கான மின்னழுத்தம். அதைத் தொங்கவிடக் கூடாது. ஊனோ என்றால் அதுவும் 5 வோல்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஐ2சியின் தரவு வயரான எஸ்டிஏ ஏ4-க்கும், கடிகார வயரான எஸ்சிஎல் ஏ5-க்கும் போகும். மெகா போர்டில் இவை 20, 21. லியோனார்டோவில் 2, 3. ஊனோ படத்தைப் பார்த்து மெகாவில் மாட்டியதால் எரியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் எதுவும் கருகாது, மாட்யூல் பேசாது, அவ்வளவுதான். எனவே தைரியமாக மாற்றிப் பார்க்கலாம்.

அப்புறம் ஐ2சி ஸ்கேனர் நிரலை ஏற்றுங்கள். வயரில் உள்ள சிப்களை முகவரி வாரியாகக் கூப்பிட்டு, எவை பதில் சொல்கின்றன என்று காட்டுவது அது. ஆர்டுயினோவின் வயர் லைப்ரரியோடு வரும் உதாரணங்களிலேயே கிடைக்கும். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

ஸ்கேனர் எதையும் காணவில்லை என்றால் நிரலைத் தொடவே தொடாதீர்கள். குற்றம் வயரிலோ ஈயத்திலோதான். மாட்யூல்கள் பெரும்பாலும் பின் பட்டையைத் தனியாகத்தான் கொடுத்து அனுப்புகின்றன. அதைத் துளையில் செருகி மட்டும் வைத்தால், அழுத்திப் பிடிக்கும்போது எரியும், விட்டால் அணையும். சால்டர் வைத்தே ஆக வேண்டும். வைத்த பிறகு கன்டினியூட்டியில் பீப் வருகிறதா என்று பாருங்கள். ஒரு முனை மாட்யூலில் சிப்பின் காலில், மறுமுனை ஊனோவின் பின்னில். இப்படி வைத்தால் ஜம்பர் வயருக்குள் கம்பி அறுந்திருந்தாலும் அதே சோதனையில் பிடிபட்டுவிடும்.

ஸ்கேனர் உங்கள் சிப்பின் முகவரியான ஹெக்ஸ் 70 (16 அடிமான எண்ணில் 70) என்று காட்டுகிறது, ஆனால் திரை இருட்டு: இது நல்ல நிலை. இந்தச் சிப் மின்சாரம் வந்ததும் உறக்கத்தில்தான் இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்லும், ஆனால் உள் ஆசிலேட்டர் (சிப்பை இயக்கும் கடிகாரத் துடிப்பு) ஓடாது. ஹெக்ஸ் 21 என்ற கட்டளை ஆசிலேட்டரை ஓட்டும், ஹெக்ஸ் 81 திரையைத் திறக்கும், ஹெக்ஸ் இ0 முதல் இஎஃப் வரை 16 படிகளில் வெளிச்சம். லைப்ரரி பயன்படுத்தினால் இந்த வேலையைத் தொடக்கச் செயற்கூறு (begin) செய்துவிடும். அதை செட்டப் பகுதியில் அழைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அழைத்தும் இருட்டு என்றால், அடாஃப்ரூட் லைப்ரரியில் எழுத்தை எழுதும் கட்டளை நினைவகத்தில் மட்டும்தான் எழுதும். திரைக்கு அனுப்ப ரைட் டிஸ்பிளே (writeDisplay) என்ற இன்னொரு கட்டளை வேண்டும். அது விட்டுப்போனால் நிரல் ஒரு குறையும் சொல்லாது, திரையிலும் ஒன்றும் நடக்காது.

முகவரியில் இரண்டு குழப்பங்கள் உண்டு. ஹெக்ஸ் என்று குறிக்காமல் வெறும் 70 என்று எழுதினால் அது தசம எண் ஆகிவிடும். ஹெக்ஸ் 70 தசமத்தில் 112. இன்னொன்று, முகவரியை எழுதும் பிட்டோடு சேர்த்து ஹெக்ஸ் இ0 என்று 8 பிட்டாக எழுதும் பழக்கம். ஆர்டுயினோவுக்கு 7 பிட் முகவரிதான் வேண்டும்.

ஹெக்ஸ் 70-ஐ ஸ்கேனர் காட்டியும் எந்தக் கட்டளைக்கும் திரை மசியவில்லையா? அதே வயரில் வேறு என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பதில் சொல்வது உங்கள் டிஸ்பிளேயாக இல்லாமல் இருக்கலாம். சர்வோ மோட்டாருக்குப் பயன்படும் பிசிஏ9685 சிப் தன் சொந்த முகவரி தவிர, எல்லோரையும் சேர்த்து அழைக்கும் முகவரியாக ஹெக்ஸ் 70-க்கும் பதில் சொல்லும். டிசிஏ9548ஏ மல்டிபிளெக்சரின் இயல்பு முகவரியும் அதுவே. ரோபோ செய்கிறவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். டிஸ்பிளேயை மட்டும் கழற்றிவிட்டு ஸ்கேனரை ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். மாட்யூலின் பின்புறம் இருக்கும் ஏ0 பேடில் ஈயத்தால் பாலம் போட்டு முகவரியை ஹெக்ஸ் 71 ஆக்கிக்கொள்ளுங்கள்.

போட்டதும் ஒரு கணம் கன்னாபின்னாவென்று எரிகிறது

இது பழுது அல்ல. மின்சாரம் வரும்போது சிப்பின் டிஸ்பிளே நினைவகத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் 16 பைட்டையும் பூஜ்யமாக்கி, அதன் பிறகு ஹெக்ஸ் 81 அனுப்பினால் நின்றுவிடும்.

எரிகிறது, ஆனால் எழுத்து தப்பு

எனக்குப் பிடித்த பிழை இதுதான், ஏனென்றால் எங்கே தவறு என்பதைத் திரையே சொல்லிவிடும். அடாஃப்ரூட் வகை மாட்யூலில் ஒவ்வொரு எழுத்துக்கும் 16 பிட். பிட் 0 மேல்கோடு. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் வலது மேல், வலது கீழ், அடிக்கோடு, இடது கீழ், இடது மேல் என்று பிட் 5 வரை. 6, 7 நடுக்கோட்டின் இடது, வலது பாதி. 8, 9, 10 மேல் பாதியின் இடது சாய்வு, செங்குத்து, வலது சாய்வு. 11, 12, 13 கீழ் பாதியில் அதே வரிசை. 14 புள்ளி. 15-க்கு வேலை இல்லை.

முதலில் செய்ய வேண்டிய சோதனை: முதல் எழுத்தில் பிட் 0-ஐ மட்டும் ஏற்றி அரை விநாடி நிறுத்தி, பிட் 1, பிட் 2 என்று 14 வரை ஒவ்வொன்றாக நடத்துங்கள். எது எப்போது எரிகிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறியுங்கள். மேலே சொன்ன வரிசை அப்படியே வந்தால் வன்பொருள் சரி, தவறு உங்கள் எழுத்து அட்டவணையில். எல்லாக் கோடும் எரிகிறது, ஆனால் வரிசை வேறு என்றால் மாட்யூலின் உள் இணைப்பே வேறு. ஸ்பார்க்ஃபன் மாட்யூலுக்கும் அடாஃப்ரூட் மாட்யூலுக்கும் நினைவக அமைப்பு ஒன்றல்ல. ஒன்றின் லைப்ரரியை மற்றதில் ஓட்டினால் குப்பைதான் வரும். பெயர் போடாத மாட்யூல்களில் சாய்கோடுகள் மட்டும் இடம் மாறி இருப்பதும் உண்டு. நீங்கள் குறித்த தாளை வைத்து அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம்.

வரிசை சரியாக இருந்தும் எழுத்து பிசகுகிறதா? ஆங்கில ஏ-யைப் போட்டுப் பாருங்கள். அதன் பிட்கள் 0000000011110111, அதாவது அடிக்கோடு தவிர்த்த வெளிக்கோடுகளும் முழு நடுக்கோடும். இதற்குப் பதிலாக நட்சத்திரம் போல ஒன்று, கூடவே புள்ளியும் எரிந்தால், அந்த நட்சத்திரத்தில் கீழ் இடது சாய்வு மட்டும் இல்லாமல் இருந்தால், கீழ் பைட்டும் மேல் பைட்டும் இடம் மாறிவிட்டன. கீழ் பைட் முதலில் போக வேண்டும். அந்த ஒரு சாய்வு ஏன் இல்லை என்று யோசித்தால், மேலே உள்ள எண்ணில் வலமிருந்து நான்காவதாக இருக்கும் பூஜ்யம்தான் அது.

இன்னொரு வகை: ஏ, சி, இ, எல், ஓ, பி (P), யூ எல்லாம் பிரமாதமாக வருகின்றன, ஆனால் எம், என், டபிள்யூ மூன்றும் ஒரே மாதிரி இரண்டு குத்துக்கோடாக நிற்கின்றன, வி-க்கு இடப்பக்கம் ஒரு கோடு மட்டும், டி-க்கு (T) மேல்கோடு மட்டும், எக்ஸ் வெறுமையாகவே போகிறது. மேல் 8 பிட் எங்கோ உதிர்ந்துவிட்டது. சாய்வுகளும் நடுச் செங்குத்துகளும் அங்கேதான் இருக்கின்றன. அட்டவணையை 8 பிட் வகையில் அறிவித்திருப்பீர்கள்; அல்லது 16 பிட் அட்டவணையை ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்துவிட்டு பைட் படிக்கும் கட்டளையால் படித்திருப்பீர்கள். சொல் அளவில், அதாவது 16 பிட்டாகப் படிக்கும் கட்டளைக்கு மாறுங்கள். ஃபிளாஷில் வைத்த அட்டவணையைச் சாதாரண வரிசை போல நேரடியாகப் படித்தால் ஒரு எழுத்தும் தேறாது; ஏடிமெகா சிப்பில் ஃபிளாஷும் ரேமும் வேறு வேறு முகவரி வெளிகள்.

புள்ளி பற்றிய புகார் சின்னது. 12.30 என்று அனுப்பினால் புள்ளி ஒரு முழு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பார்கள். புள்ளியைத் தனி எழுத்தாக அனுப்பாமல், முந்தைய எழுத்தின் பிட் 14-ஐ ஏற்றுங்கள்.

தமிழில் அனுப்பினால் வருவதில்லை

நம்மவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது முயன்று பார்ப்பது இது. முயல வேண்டியதும்கூட. நிரலில் க என்று தட்டச்சு செய்தால் அது யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்: ஹெக்ஸ் இ0, ஏஇ, 95. லைப்ரரியின் எழுத்து அட்டவணையோ ஆஸ்கி எழுத்துகளோடு முடிந்துவிடும். மூன்று பைட்டையும் மூன்று எழுத்து என்று எடுத்துக்கொண்டு, அட்டவணைக்கு வெளியே எதையோ படித்துக் காட்டும், அல்லது மூன்று இடத்தை வெறுமையாக விடும். நான்கு இடத் திரையில் ஒரு க-வே மூன்று இடத்தை விழுங்கிவிடுகிறது.

வளைவும் சுழியும் உள்ள எழுத்துகளுக்கு 14 செக்மென்ட் போதாது. அ, ஞ, ழ போன்றவற்றை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ப-வும் ட-வும் நேர்கோட்டால் ஆனவை. ப-வுக்குப் பிட் 1 முதல் 5 வரை, அதாவது தசமத்தில் 62. ட-வுக்குப் பிட் 3, 4, 5, அதாவது 56. இந்த எண்களை எழுத்தாக அனுப்பாமல், பிட்களை அப்படியே எழுதும் கட்டளையில் (writeDigitRaw) கொடுங்கள். புள்ளி வைத்த எழுத்துக்கு வழியில்லை. திரையின் புள்ளி அடியில் இருக்கிறது, நம் புள்ளி தலையில் இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்களை உண்மையாகவே காட்ட வேண்டும் என்றால் எல்இடி மேட்ரிக்ஸ் அல்லது ஓஎல்இடிக்குப் போய்விடுங்கள். அங்கே எந்த எழுத்தையும் வரைந்துகொள்ளலாம்.

ஒரு கோடு மட்டும் எரியவில்லை

நான்கு எழுத்திலும் எல்லாக் கோட்டையும் ஏற்றிவிட்டு நிதானமாகப் பாருங்கள். ஒரே ஒரு எழுத்தில் ஒரே ஒரு கோடு இல்லை என்றால் அந்த எல்இடியே போய்விட்டது, டிஸ்பிளேயைத்தான் மாற்ற வேண்டும். நான்கிலும் அதே கோடு இல்லை என்றால் எல்இடி நான்கும் ஒன்றாகச் சாகாது. அந்தக் கோட்டுக்கு சிப்பிலிருந்து வரும் காலில் சால்டர் பிடிக்கவில்லை. நான்கு எழுத்து மாட்யூல்களில் பல, இரண்டு இரட்டை எழுத்து டிஸ்பிளேக்களைப் பக்கத்தில் வைத்துச் செய்தவை. இடது இரண்டில் மட்டும் இல்லை, வலது இரண்டில் இருக்கிறது என்றால் இடது டிஸ்பிளேயின் ஒரு காலை மறுபடி சூடாக்கினால் போதும். ஒரு எழுத்து மொத்தமும் இருட்டு என்றால் அதன் பொதுக் கால். பிட் நடைச் சோதனையில் இரண்டு கோடுகள் எப்போதும் ஜோடியாகவே எரிந்தால் பக்கத்துக் கால்களுக்கு நடுவே ஈயம் வழிந்து பாலம் போட்டிருக்கிறது.

நீங்களே சால்டர் செய்த மாட்யூல் என்றால், டிஸ்பிளே தலைகீழாகப் பொருத்தப்படவில்லையே என்று பாருங்கள். புள்ளிகள் கீழே வர வேண்டும். கழற்றுவது சிரமமான வேலை, எனவே சூடு வைக்கும் முன்பே பார்ப்பது நல்லது.

மங்கல், அல்லது போர்டு தானாக ரீசெட் ஆகிறது

மாட்யூலை ஊனோவின் 3.3 வோல்ட் பின்னில் மாட்டியிருக்கிறீர்களா? அந்தப் பின் 50 மில்லி ஆம்பியர்தான் தரும், சிப்புக்கோ 4.5 முதல் 5.5 வோல்ட் வேண்டும். குறைந்த வோல்ட்டில் சிவப்பு ஓரளவு எரியும். நீலமும் வெள்ளையும் மங்கிவிடும். ரீசெட் ஆகிறதா என்பதைச் சோதிக்க வெளிச்சத்தை மிகக் கீழான படிக்குக் குறையுங்கள். பிரச்சினை மறைந்தால் மின்சாரம்தான் போதவில்லை. தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்து, இரண்டு கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள்.

இஎஸ்பி32 பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மாட்யூலில் உள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் (ஐ2சி வயர்களை மேல் வோல்ட்டில் இழுத்து வைப்பவை) 5 வோல்ட்டோடு இணைந்திருந்தால், 3.3 வோல்ட் சிப்பின் பின்களுக்கு 5 வோல்ட் போய்ச் சேரும். ஐந்து பின் மாட்யூலில் ஐந்தாவதை 3.3-க்குக் கொடுக்கலாம். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் எச்டி16கே33, 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ஒன்று என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 3.3 அதற்குக் கீழே. மேசையில் ஓடும், பெட்டியில் போட்டதும் மக்கர் செய்யும். செலவு பார்க்காமல் ஒரு லெவல் ஷிஃப்டரை (3.3 வோல்ட் சமிக்ஞையை 5 வோல்ட் ஆக்கித் தரும் பலகை) போட்டுவிடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் உறைந்துவிட்டது

திரையில் எழுத்து தெரிவதால் நிரல் ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். கடைசியாக வந்த எழுத்தை இந்தச் சிப் தானே புதுப்பித்துக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆர்டுயினோவின் ரீசெட் பொத்தானும் அதைத் தொடாது. அதனால் லூப்பின் உள்ளே 13-ஆம் பின் எல்இடியை மினுக்க வையுங்கள். திரை உறைந்தபோது எல்இடியும் நின்றிருந்தால் நிரல் சிக்கிவிட்டது: வயர் லைப்ரரி பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கலாம். புதிய பதிப்பில் அதற்குக் காலக்கெடு வைக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். ரிலே, மோட்டார் பக்கத்தில் ஓடும் நீள வயர்களைக் குட்டையாக்குங்கள்.

ஓடும் எழுத்துகளுக்கு நீளமான வாசகங்களை வைத்திருந்தால் ரேமையும் பாருங்கள்; ஏடிமெகா328பி-யில் மொத்தமே 2 கேபி. ஸ்ட்ரிங்கை ஒட்டி வெட்டி ஓட்டும் நிரல்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழும்.

எல்இடி மினுங்குகிறது, ஆனால் திரை இருண்டுவிட்டது என்றால் மாட்யூலுக்கு மட்டும் ஒரு கணம் மின்சாரம் விட்டுப்போயிருக்கிறது. அது மறுபடி உறக்க நிலைக்குப் போய்விட்டது. உங்கள் நிரலுக்கு அது தெரியாது. ஆடும் இணைப்பைச் சரி செய்யுங்கள். அதோடு நிமிடத்துக்கு ஒரு முறை ஹெக்ஸ் 21, 81 இரண்டையும் மறுபடி அனுப்ப வைத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

சிப் இல்லாமல் நேரடியாக ஓட்டும்போது

இங்கே பிட் தவறுகளைவிட மின்னோட்டத் தவறுகள் அதிகம். ஒன்று பளிச்சென்றும் எட்டு மங்கலாகவும் தெரிந்தால் ரெசிஸ்டரைப் பொதுக் காலில் ஒன்றே ஒன்று போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். 74எச்சி595 சிப்பின் மொத்த வரம்பு 70 மில்லி ஆம்பியர். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போக மிச்சம் 3 வோல்ட். 390 ஓம் போட்டால் கோட்டுக்கு ஏறக்குறைய 7.7, எட்டுக்கும் சேர்த்து 62. தாங்கும். 220 ஓம் தாங்காது.

எல்லாக் கோடும் எரியும்போது பொதுக் காலில் 115 மில்லி ஆம்பியர் வரை ஓடும். ஊனோவின் ஒரு பின் 40-க்கு மேல் கண்டிப்பாகக் கூடாது, எனவே டிரான்சிஸ்டர் வேண்டும். எல்லோர் டப்பாவிலும் இருக்கும் பிசி547-இன் வரம்பு 100 மில்லி ஆம்பியர். பிசி337 போடுங்கள், பேஸுக்கு 1 கிலோ ஓம்.

ஒரு எழுத்து மட்டும் பிரகாசமாக நின்றுவிட்டு மற்றவை எப்போதோ ஒரு முறை மின்னினால் லூப்பில் எங்கோ டிலே இருக்கிறது. புதுப்பிக்கும் வேலையை டைமர் இன்டரப்டுக்கு மாற்றுங்கள். பக்கத்து எழுத்தின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஓடும் எழுத்தின் டிரான்சிஸ்டரை அணையுங்கள், பிறகு புதிய பிட்களை 595-க்கு அனுப்பி லாட்ச் செய்யுங்கள், அடுத்த எழுத்தின் டிரான்சிஸ்டரை அதற்கப்புறம்தான் திறக்க வேண்டும். அணைத்ததற்கும் திறப்பதற்கும் நடுவே சில மைக்ரோ விநாடி விட்டால் நிழல் போய்விடும்.